படித்தேன், உண்மை, பரிந்துரைக்கிறேன்

டெல்டா பாதுகாப்புப் படையின் ஏழாம் முகாமில் பெண்களுக்கு எதிராக எந்தத் தவறும் நடப்பதில்லை. நடந்தால் எழுதி வைப்பதற்கென்றே தடித்த அட்டை போட்ட பதிவேடு ஒன்று இருக்கிறது. மூன்று வருடமாக அதில் ஒரு எழுத்துகூட விழவில்லை. இனியும் விழுந்துவிடக் கூடாதே என்று அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, வரவேற்பறையில் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி நிறுத்தியிருந்தார்கள். ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிகளோடு சேர்த்து அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள்.

முகாம் பாபநாசத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிட தூரம். கடலோரத்தைக் காப்பதற்கென்று உண்டாக்கிய படை அது. ஆனால் இடம் தேடிய கோப்பில் ‘நீர்நிலைக்கு அருகில்’ என்று மட்டும்தான் எழுதியிருந்ததாம். இங்கே ஒரு பாசன வாய்க்கால் ஓடியது, நிலமும் சுலபமாகக் கிடைத்தது, வந்து இறங்கிவிட்டார்கள். சுற்றிலும் சம்பா நடவு நடக்கும். நடுவில் முந்நூறு பேர் விடிந்தால் எழுந்து, கடல்வழியாக வரப்போகும் எதிரியை எதிர்பார்த்து விறைப்பாக நிற்பார்கள். கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் விடுப்பு எழுதிக் கொடுத்து வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏற வேண்டும். அந்த முந்நூறு பேரில் இருபத்திரண்டு பேர் பெண்கள்.

பெண்கள் இருந்தால் புகார் விசாரணைக் குழு இருக்க வேண்டும், குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வெளியாள்தான் ஷம்சாத். பாபநாசம் வட்டார மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக்குச் செயலாளர். முகாமுக்குக் கொடியும் திரைச்சீலையும் தைத்துக் கொடுத்த வகையில் அவள் பெயர் அலுவலகத்தில் இருந்தது. பெண்மணி, பக்கத்து ஊர், தைத்த துணியில் குறை சொன்னபோது எதிர்த்துப் பேசாதவர். இதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஜீப் வரும். ஷம்சாத் புர்காவைப் போட்டுக்கொண்டு போவாள். டீ வரும், வாழைக்காய் பஜ்ஜி வரும், அதன் பிறகு ‘புகார் ஏதுமில்லை’ என்று அச்சடித்த தாள் வரும். கையெழுத்துப் போட்டதும் ஜீப் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். இப்படிப் பன்னிரண்டு முறை போட்டிருந்தாள். “புகாரே இல்லாத இடத்துக்கு எதுக்குக் குழு?” என்று அவள் கணவர் மீரா உசேன் துபாயிலிருந்து போனில் ஒரு முறை கேட்டார். “பஜ்ஜி நல்லா இருக்குங்க” என்று சொல்லிச் சிரித்தாள். பின்னால் அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

புரட்டாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமைப்பின் தையல் கூடத்துக்கு ஒரு பெண் வந்தாள். ஒட்ட வெட்டிய முடி, நிமிர்ந்த முதுகு. பெயர் ஹம்சத்வனி. குடவாசல் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண், முகாமில் வயர்லெஸ் பிரிவு, வயது இருபத்திநாலு. நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நான்கு பக்கத் தாளை நீட்டினாள்.

“நீங்கதானேக்கா கமிட்டி மெம்பர்? இதைப் பொட்டியில போட முடியல. அதான் கொண்டாந்தேன்.”

பெட்டியில் போட முடியாததற்குக் காரணம் இருந்தது. புகார்ப் பெட்டியை யாரும் சேதப்படுத்திவிடக் கூடாது என்று எட்டடி உயரத்தில் மாட்டியிருந்தார்கள். போட ஏணி வேண்டும். ஏணி வேண்டுமென்றால் கிடங்கில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெட்டிக்கு மேலே பாதுகாப்புக்காக ஒரு கேமரா. கேமராவின் படம் தெரியும் திரை துணைத் தளபதி மேஜர் துரைராசுவின் அறையில் இருந்தது.

புகாரே மேஜர் துரைராசுவின் மேல்தான்.

ஷம்சாத் படித்தாள். இருப்பு சரிபார்க்க வேண்டும் என்று பேட்டரிக் கிடங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார். கதவைச் சாத்தியிருக்கிறார். அவள் கையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருக்கிறார். அவள் பலம் கொண்ட மட்டும் தள்ளிவிட்டு, சட்டைப் பித்தான் அறுந்தபடி வெளியே ஓடி வந்திருக்கிறாள். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, அவள் சொன்ன வார்த்தை எல்லாம் வயர்லெஸ் செய்தி மாதிரி சுருக்கமாக, ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். ஷம்சாத் முதல் பக்கத்துக்குத் திரும்பித் தேதியை மறுபடி பார்த்தாள். இந்தப் பெண் ஓடி வந்த வாரத்தில்தான் அவள் பன்னிரண்டாவது கையெழுத்தைப் போட்டிருந்தாள்.

“நானே கொண்டு போறேன்ம்மா” என்றாள்.

முகாம் அலுவலகத்தில் எல்லாக் காகிதமும் சுபேதார் வாஞ்சிநாதன் வழியாகத்தான் போகும். இருபத்தாறு வருடமாகக் காகிதத்தோடு குடித்தனம் நடத்துகிற மனிதர். விதியை மீறி ஒரு குண்டூசி குத்தினாலும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று முகாமில் சொல்வார்கள். புகாரைப் படிக்காமலே புரட்டிப் பார்த்தார்.

“இப்படி நேரா வாங்கப்படாதும்மா. முறையான வழியா வரணும். மனுதாரரோட பிரிவு அதிகாரி படிச்சு, சரிபார்த்து, பரிந்துரை பண்ணணும். அப்புறம் கமாண்டண்ட். அப்புறம்தான் குழு.”

“பிரிவு அதிகாரி யாருங்க?”

“மேஜர் துரைராசு.”

“அவரு மேலதானே சார் புகாரு?”

“ஆமாம்மா” என்றார் வாஞ்சிநாதன், கொஞ்சமும் அசராமல். “விஷயம் அவருக்குத்தானே நன்னாத் தெரியும்? வேற யார் சரிபார்க்க முடியும்?”

ஷம்சாத் புகாரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். தளபதியைப் பார்க்க வேண்டும் என்றாள். தளபதி வெங்கடகிருஷ்ணன் அப்போது விழிப்புணர்வு வாரத்தைத் தொடங்கி வைத்துக்கொண்டிருந்தார். அவளையும் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

“நான் இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு” என்று மைக்கில் முழங்கினார் தளபதி. “ஒரு புகார் உண்டா? கிடையாது! ஏன்? புகாரை நான் பொறுத்துக்கவே மாட்டேன். யார் மேல புகார் வந்தாலும் சரி, அவர் எவ்வளவு பெரிய அதிகாரியா இருந்தாலும் சரி, புகார் குடுத்த பொண்ணைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்! அதாவது, கண்டுபிடிச்சுப் பாதுகாப்புக் குடுக்காம விடமாட்டேன்!”

கைதட்டினார்கள். ‘பாதுகாப்பான பெண்’ என்ற தலைப்பில் கோலப் போட்டி நடந்தது. பரிசு கொடுக்க நடுவராக வந்தவர் மேஜர் துரைராசு. அதன் பிறகு இருபத்திரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு விசில் கொடுத்தார்கள். ஆபத்து வந்தால் ஊத வேண்டும். ஆனால் முகாமுக்குள் அனுமதியில்லாமல் விசில் ஊதுவது ஒழுங்குமுறைக் குற்றம் என்பதால், ஊதுவதற்கு முந்தின நாள் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டும் விசிலோடு கட்டியிருந்தது.

விழா முடிந்ததும் தளபதி ஷம்சாத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். புகார் விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. முகத்தில் கவலை நிஜமாகவே இருந்தது.

“மேடம், இருபத்தெட்டாம் தேதி நமக்குக் கேடயம் வருது. ‘புகாரற்ற முகாம்’ சுழற்கேடயம். தலைமையகத்துலேந்து இணை இயக்குநர் நேரா வந்து குடுக்கறார். இந்த நேரத்துல போய் அந்தப் பொண்ணு… சரி விடுங்க. அவளோட பாதுகாப்பு எனக்கு முக்கியம். முப்பதாம் தேதி அவளை மாத்திட்டேன்.”

“எங்க சார்?”

அவர் சொன்ன ஊர் வடகிழக்கு மலையில் இருந்தது. ரயிலில் நான்கு நாள், அப்புறம் லாரி.

“அவர் இருக்கற எடத்துல அவ இருக்கறது ஆபத்துன்னு அவளே எழுதியிருக்காளாமே.”

“அப்ப அவரை மாத்தலாமே சார்?”

தளபதிக்குக் கேள்வி புரியவில்லை. “அவருக்கு என்ன மேடம் ஆபத்து?”

பிறகு பொறுமையாக விளக்கினார். முப்பதாம் தேதிக்குப் பிறகு அவள் பெயர் இந்த முகாமின் பட்டியலில் இருக்காது. பட்டியலில் இல்லாத ஆளின் புகாரை இந்த முகாம் விசாரிக்க முடியாது. புது முகாமோ தன் எல்லைக்குள் நடக்காத சம்பவத்தைத் தொட முடியாது. ஆகவே யாருக்கும் சிரமமில்லை. அதற்குள் குழுவைக் கூட்டலாமே என்றால், குழுத் தலைவியான கேப்டன் வித்யாலக்ஷ்மி டெல்லிக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். பயிற்சியின் தலைப்பு, ‘புகார்க் குழுவைத் தாமதமின்றிக் கூட்டுவது எப்படி’. ஆறு வாரப் பயிற்சி, திரும்பி வர மாதக் கடைசி ஆகிவிடும்.

ஷம்சாத்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முறையான வழிதான் ஒரே வழி என்றால் அதில்தான் போக வேண்டும். கையோடு வாஞ்சிநாதனிடம் புகாரைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இந்த இடத்தில் மேஜர் துரைராசு கையெழுத்துப் போடும் முறையைச் சொல்லியாக வேண்டும். அவருக்குக் காலையில் வாலிபால் உண்டு, மாலையில் வாலிபால் உண்டு. நடுவில் பதினொரு மணிக்கு ஒரு டீ. அந்த டீ ஆறுவதற்குள் அறுபது எழுபது காகிதம் தீர்ந்துவிடும். மேலே இருப்பதை ஒரு சிப்பாய் விலக்குவார், இன்னொருவர் முத்திரை குத்துவார், மேஜர் முத்திரைக்குக் கீழே கையெழுத்தை இழுப்பார். குழல்விளக்கு மாற்றுவதானாலும் கொட்டகை கட்டுவதானாலும் ஒரே முத்திரைதான். அதில் இப்படி இருக்கும்: ‘படித்தேன். விவரங்களைச் சரிபார்த்தேன். உண்மை. அவசர நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கிறேன்.’

அந்தச் சனிக்கிழமை, பாத்திரம் துலக்கும் பொடி கேட்ட கடிதத்துக்கும் வாத்தியக் குழுவுக்குப் புதுத் தோல் கேட்ட கடிதத்துக்கும் நடுவில் ஹம்சத்வனியின் புகார் இருந்தது. மேஜர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அங்கிருந்து அது தளபதியிடம் போயிற்று. ‘துணைத் தளபதியின் முடிவை முழுமையாக ஏற்கிறேன்’ என்று அவருடைய முத்திரையும் விழுந்தது. மதியத் தபாலில் தலைமையகத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை ஜீப் வந்து ஷம்சாத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. பஜ்ஜி இல்லை. தளபதி நின்றுகொண்டிருந்தார், மேஜர் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசையில் புகாரின் நகல். வாஞ்சிநாதன் சுவரோரம் நின்றார். முந்தின நாள் முழுக்க அதை முதல்முறையாகப் படித்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவருக்கும் கும்பகோணத்தில் படிக்கிற பெண் ஒருத்தி உண்டு.

“மேடம், ஒரு சின்னக் குழப்பம்” என்றார் தளபதி. “மேஜர் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டாராம். புகாரை வாபஸ் வாங்கறதா ஒரு வரி நீங்க எழுதிக் குடுத்தா…”

“நான் எதைத்தான் சார் படிச்சேன்?” என்று மேஜர் எரிந்து விழுந்தார். “இதை மட்டும் ஏன் படிக்கணும்?”

“மெதுவாப் பேசுய்யா!” என்று அதட்டினார் தளபதி.

“புகார் என்னுது இல்லையே சார், நான் எப்படி வாபஸ் வாங்குறது?” என்றாள் ஷம்சாத். “அவரு படிக்காம போட்டேன்னு எழுதிக் குடுக்கட்டும்.”

வாஞ்சிநாதன் தொண்டையைச் செருமினார். “எழுதிக் குடுக்கலாம் சார். விதியில இடம் இருக்கு. ஆனா ஒண்ணு. மூணு வருஷத்துல இதே முத்திரையோட மேல போன காகிதம் நாலாயிரத்துக்கு மேல. கொட்டகை கட்டினது, சாலை போட்டது, அணிவகுப்பு மைதானத்தைச் சமன் பண்ணினது, பன்னிரண்டு தடவை ‘புகார் ஏதுமில்லை’ன்னு போனது, தங்களோட பதவி உயர்வு ரிப்போர்ட்டு. படிக்காம போட்ட கையெழுத்துன்னு ஒண்ணை ஒத்துண்டா, அத்தனையையும் திருப்பி அனுப்பிடுவா.”

தளபதி ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் குரலில் படையின் மானமே ஒலித்தது.

“நம்ம படையில ஒரு அதிகாரி ‘படிச்சேன்’னு எழுதினா, படிச்சார்னு அர்த்தம். இதுல சந்தேகப்படறவன் தேசத்தையே சந்தேகப்படறான்.”

“அப்ப, ‘உண்மை’ன்னு எழுதினதும்…” என்று ஷம்சாத் இழுத்தாள்.

“அது வேற, இது வேற மேடம்.”

தலைமையகம் என்ன சொல்கிறதோ பார்க்கலாம் என்று கூட்டம் கலைந்தது.

தலைமையகம் ஒன்பதே நாளில் பதில் சொன்னது. அங்கேயும் மேசைகள் உண்டு, அங்கேயும் பதினொரு மணிக்கு டீ உண்டு. புகார் தமிழில் இருந்ததால் அதை விட்டுவிட்டு, மேலே இருந்த ஆங்கில முகப்புக் கடிதத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். மற்ற முகாம்களில் ஒரு புகார் பிரிவு அதிகாரியைத் தாண்டச் சராசரியாக இருநூற்றுப் பதினோரு நாள் ஆகும்போது, இங்கே ஒரே நாளில் தாண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட நேர்மையான அதிகாரியைப் படை இதுவரை கண்டதில்லை. ஆகவே மேஜர் துரைராசுவுக்கு ‘வெளிப்படைத்தன்மை விருது’. இருபத்தெட்டாம் தேதி, கேடயத்தோடு சேர்த்து வழங்கப்படும். மேஜர் வாலிபால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கடிதத்தை மூன்று முறை படித்தார். அவர் வாழ்நாளில் மூன்று முறை படித்த காகிதம் அது ஒன்றுதான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஹம்சத்வனி மறுபடி தையல் கூடத்துக்கு வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

“அப்பாவைக் கூப்பிட்டு விட்டாங்கக்கா. ஒங்க பொண்ணுக்குப் பெரிய எடத்துல போஸ்டிங், வாழ்த்துக்கள்னு கை குடுத்தாங்களாம். அப்பா நடவு ஆளை அப்படியே விட்டுட்டு ஓடியாந்து என்னைப் பாத்துச் சந்தோஷப்பட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல?”

“வேலைய விட்டுர்றியாம்மா?”

“ஏன்க்கா நான் விடணும்?” ஹம்சத்வனிக்குக் கண் கலங்கிவிட்டது. “ஓட்டத்துல மூணாவதா வந்து வாங்குன வேலைக்கா இது. கமிட்டியில ஒரே ஒரு தடவ உக்காந்து, சொல்லும்மான்னு கேக்கச் சொல்லுங்க. நான் கேட்டது அவ்வளவுதான்.”

ஷம்சாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு முறை கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். “படிக்காம கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்திதாம்மா” என்றாள்.

ஹம்சத்வனி அதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அதுவே ஷம்சாத்துக்கு நியாயமாகப் பட்டது.

இருபத்தேழாம் தேதி முகாமிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. விருதுப் பத்திரத்தைப் பொதுமக்கள் சார்பில் ஒருவர் தமிழில் வாசிக்க வேண்டும். ஷம்சாத் வாசித்தால் குழுவும் முகாமும் ஒற்றுமையாக இருப்பது புகைப்படத்தில் தெரியும் என்பது தளபதியின் யோசனை. அவள் முகாமுக்குப் போனதும் வாஞ்சிநாதன் சிவப்பு நாடா கட்டிய கோப்பை அவள் முன்னால் வைத்தார். முதல் தாள் விருது ஆணையின் தமிழாக்கம். அதன் கடைசி வரி, ‘இணைப்பு: நான்கு பக்கம்’.

“இணைப்புன்னா என்னங்க சார்?”

“எந்தக் காகிதத்துக்காக விருதோ, அந்தக் காகிதம்.”

ஷம்சாத் அவரைப் பார்த்தாள். வாஞ்சிநாதன் ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அணிவகுப்பு விதி நாப்பத்தொண்ணு” என்றார், யாருக்கோ சொல்வது போல. “இணைப்பு ஆணையோட ஒரு பகுதி. இணைப்பைப் படிக்காம விட்டா ஆணை படிச்சதா ஆகாது. விருது செல்லாது. இதை நான் யார்ட்டயும் சொல்லலை. யாரும் கேக்கலை.”

“ரகசியம் காக்கணும்னு சட்டத்துல இருக்கே சார்?”

“அந்த உரிமை அந்தக் குழந்தையோடதும்மா. அவகிட்ட கேளுங்கோ.”

ஷம்சாத் அங்கிருந்தே பெண்கள் விடுதிக்குப் போய்க் கேட்டாள். “ரகசியமாம்” என்றாள் ஹம்சத்வனி. “மெஸ்ல சாம்பார் ஊத்துறவரு வரைக்கும் என் கதைதான் பேசுறாங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சேத்துப் பேசுறாங்க. நான் எழுதுனது ஒண்ணுதான்க்கா யாருக்கும் தெரியாது. படிங்க. என் பேரோட படிங்க.”

விழா அன்று தூறல். மைதானத்தில் முந்நூறு பேர் விறைப்பாக நின்றார்கள். இணை இயக்குநர் வடக்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது, நல்ல சிரித்த முகம். கொடி ஏறியது. விருது வாசிக்கும்போது முகாமின் மரபு ஒன்று உண்டு. விருது பெறுபவர் வாசிப்பு முடியும்வரை சல்யூட் அடித்தபடி நிற்க வேண்டும். மற்றவர் யாராக இருந்தாலும் அசையக் கூடாது. கொடி ஏறியிருக்கும்போது அசைந்தால் அது தனிக் குற்றம். மேஜர் மேடையில் முந்நூறு பேரைப் பார்த்துச் சல்யூட் அடித்தார்.

ஷம்சாத் ஆணையை வாசித்தாள். நேர்மை, வேகம், முன்மாதிரி என்று ஒரு நிமிடத்தில் முடிந்தது. “இணைப்பு” என்று சொல்லித் தாளைப் புரட்டினாள். ஒலிபெருக்கியில் அவள் மூச்சுச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

“ஹம்சத்வனி ஆகிய நான் எழுதிக்கொள்வது…”

முதல் பக்கத்தில் தளபதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. செருமினார். கண்ணால் வாஞ்சிநாதனைத் தேடினார். வாஞ்சிநாதன் விதிப்படி நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தில் பேட்டரிக் கிடங்கு வந்தது, கதவு வந்தது. மேஜரின் சல்யூட் கை பாதி இறங்கி மறுபடி ஏறியது. இறக்கினால் குற்றம், இறக்காவிட்டால் மூன்றாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் அவர் சொன்ன வார்த்தைகளை ஷம்சாத் ஒன்று விடாமல் வாசித்தாள். அவற்றை வாயால் சொல்ல அவளுக்குக் கூசியது. கூசுவது தன் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். முன்வரிசையில் ஹம்சத்வனி மழைத்தண்ணீர் முகத்தில் வழிய நேராகப் பார்த்தபடி நின்றாள்.

நான்காம் பக்கத்தின் அடியில் முத்திரை இருந்தது. அதையும் வாசித்தாள். “படித்தேன். விவரங்களைச் சரிபார்த்தேன். உண்மை. அவசர நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கிறேன். மேஜர் துரைராசு. அவருடைய முடிவை முழுமையாக ஏற்கிறேன். தளபதி வெங்கடகிருஷ்ணன்.”

இணை இயக்குநருக்கு அந்த அம்மாள் உணர்ச்சியோடு வாசித்தது மிகவும் பிடித்துவிட்டது. பலமாகக் கைதட்டினார். மேலதிகாரி தட்டினால் கீழே உள்ளவர்கள் தட்ட வேண்டும் என்பதால் அதிகாரிகள் வரிசையும் தட்டியது. பெண்கள் வரிசையில் ஒரு கையும் அசையவில்லை. அறிவிப்பாளர் தாளில் இருந்தபடி, “விருது பெறுபவர் ஏற்புரை!” என்று கத்தினார். ஏற்புரை ஒரே வார்த்தை. அதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க வழியில்லை. மேஜர் கேட்டும் கேட்காமலும் பயிற்சியில் பழகிய குரலில் முழங்கினார்:

“ஏற்றுக்கொள்கிறேன்!”

படம் எடுத்தார்கள்.

மதியச் சாப்பாட்டில், முந்தின நாள்தான் பயிற்சி முடிந்து திரும்பியிருந்த கேப்டன் வித்யாலக்ஷ்மி இணை இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “அந்த அம்மாள் வாசித்தது கவிதையா?” என்று இணை இயக்குநர் கேட்டார். வித்யாலக்ஷ்மி ஆறு வாரமாகத் தாமதமின்மையைப் படித்துவிட்டு வந்தவர். தாமதமில்லாமல் நான்கு பக்கத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். இணை இயக்குநரின் கையில் இருந்த ரசம் சாதம் வாய்க்குப் போகவில்லை.

“நான் கைதட்டினேனே” என்றார் அவர். “வீடியோவில் இருக்குமே!”

அவர் யோசித்தார். படையில் ஒரு பெரிய அதிகாரி காரணமில்லாமல் கைதட்ட முடியாது. நடவடிக்கை எடுக்கப்பட்டதற்காகத்தான் தட்டியிருக்க வேண்டும். ஆகவே நடவடிக்கை காலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பாயசம் வருவதற்குள் உத்தரவுகள் டைப்பாகி வந்தன. மாற்றல் நிறுத்திவைப்பு. மேஜர் விசாரணை முடியும்வரை முகாமுக்குள் நுழையக் கூடாது. குழு நாளை காலை பத்து மணிக்குக் கூட வேண்டும். மூன்றிலும் நேரம் காலை ஏழு என்று போட்டிருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அதே பந்தியில் உட்கார்ந்திருந்த ஷம்சாத் கவனித்தாள். கையெழுத்தைக் காப்பாற்ற ஒருவர், கைதட்டலைக் காப்பாற்ற ஒருவர் என்று ஆளாளுக்கு ஓடியதில்தான் நியாயத்துக்கு வழி கிடைத்திருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் குழு கூடியது. மேசைக்கு அந்தப் பக்கம் வித்யாலக்ஷ்மி, ஷம்சாத், பெயருக்கு இன்னும் இரண்டு பேர். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ஹம்சத்வனி வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லும்மா” என்றார் வித்யாலக்ஷ்மி.

ஹம்சத்வனி வாயைத் திறந்தாள், மூடினாள். இத்தனை நாள் கல் மாதிரி நின்ற பெண், கேட்க ஆள் இருக்கிறது என்று ஆனதும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஷம்சாத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

கதவைத் திறந்தபோது நடையில் ஐந்து பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சீருடையில், ஒருத்தி மருத்துவமனை வார்டில் வேலை செய்பவள், ஒருத்தி சமையல்கூடம். கடைசியில் நின்றவள் ஹவில்தார் பர்வின். முகாம் தொடங்கிய முதல் நாளிலிருந்து இருப்பவள். ஒவ்வொருத்தி கையிலும் மடித்த தாள் இருந்தது.

அந்தப் பக்கமாக வந்த தளபதி வெங்கடகிருஷ்ணன் திகைத்து நின்றுவிட்டார். உண்மையிலேயே அதிர்ந்துபோன குரலில் கேட்டார்:

“இத்தனை பேரா? இவ்வளவு நாளா நீங்கள்லாம் எங்கம்மா இருந்தீங்க?”

“இங்கதான் சார் இருந்தோம்” என்றாள் பர்வின்.

ஷம்சாத் வாஞ்சிநாதனைக் கூப்பிட்டு, நடையில் ஐந்து நாற்காலி போடச் சொன்னாள்.